திருமதி ஃபிஸ்க்கும் பூட்டிய அரங்குகளும்

அமெரிக்க நாடக இலக்கியத்தைப் படிக்கப் புகுகிறவர்கள் யூஜின் ஓ'நீலிலிருந்து தொடங்குவது வழக்கம். அவருக்கு முன்னால் இருந்ததெல்லாம் கண்ணீரும் துப்பாக்கிச் சத்தமும் கலந்த மேடைக் கதைகள்தாம் என்றோர் எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் அது சரியானதே. ஆனால் அந்த ஓ'நீலே, தம் புகழ் ஓங்கியிருந்த 1920களில், எட்வர்ட் ஷெல்டன் என்ற நாடகாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெய்யான நாடகம் என்று ஒன்று உண்டு என்பதை முதலில் தமக்குக் காட்டியவற்றுள் ஷெல்டனின் 'சால்வேஷன் நெல்' ஒன்று என்று அதில் நன்றியோடு குறிப்பிட்டார்.

'சால்வேஷன் நெல்' 1908 நவம்பரில் நியூயார்க்கின் ஹாக்கெட் அரங்கில் மேடையேறியது. எழுதியவருக்கு அப்போது வயது 22. ஹார்வர்டில் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கரிடம் நாடகம் பயின்று வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கதாநாயகி நெல் ஒரு மதுக்கடையில் தரை துடைக்கும் பெண். முதல் அங்கத்தில், குடித்து மயங்கிக் கிடக்கும் தன் காதலனின் தலையை மடியில் ஏந்தியபடி அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் கடையின் வியாபாரம் நடந்தபடியே இருக்கிறது. அவள் பேசவில்லை, அழவில்லை, கையை உயர்த்தவில்லை. ஏறத்தாழப் பத்து நிமிடம் அந்த மௌனம் நீடித்தது என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நடிகை வாயைத் திறந்தால் அரங்கின் கடைசி வரிசை அதிர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு புகழ்பெற்ற நடிகை, தம் பெயரை விளம்பரத் தட்டியில் பார்த்துக் காசு கொடுத்து வந்தவர்களின் முன்னால், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் மின்னி மேடர்ன் ஃபிஸ்க். அந்நாளைய பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் அவர் 'திருமதி ஃபிஸ்க்' மட்டுமே.

அந்த மௌனத்தில் உட்காரும் உரிமையைப் பெற அவர் என்ன விலை கொடுத்தார் என்பதே இங்கு நாம் பார்க்க விரும்புவது.

அவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1865 டிசம்பரில் பிறந்தார். இட்ட பெயர் மேரி அகஸ்டா டேவி. தந்தை தாமஸ் டேவி நாடகக் கம்பெனி நிர்வாகி, தாய் லிஸி மேடர்ன் நடிகை. குழந்தைக்கு மூன்று வயதானபோதே ஆர்கன்சாவின் லிட்டில் ராக் ஊரில், ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் யார்க் இளங்கோமகன் வேடம் கட்டி மேடையேற்றிவிட்டார்கள். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் சொல்லில் சொன்னால் பாலபார்ட். பிறகு ஊர் ஊராக, கம்பெனி கம்பெனியாக அவர் வளர்ந்தார். தம் பன்னிரண்டு வயதளவில் 'தி லேடி ஆஃப் லயன்ஸ்' நாடகத்தில் கதாநாயகனின் விதவைத் தாயாகவே நடித்தார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. ஆனால் பார்வையாளர் கூட்டம் எந்த நொடியில் இருமத் தொடங்கும், எந்த நொடியில் மூச்சடக்கும் என்ற பாடத்தை அவரைப் போலக் கற்றவர்கள் குறைவு.

1882-ல் நியூயார்க்கில் 'ஃபாக்ஸ் ஃபெரி' என்ற நாடகத்தின் கதாநாயகியாக வந்தார். அதன் பின் 'கேப்ரிஸ்'. இரண்டுமே இன்று படிக்கத் தேவையற்றவை. துடுக்கும் கண்ணீரும் கலந்த சின்னப் பெண் வேடங்கள் அவரைத் துரத்திக்கொண்டு வந்தன. முதல் திருமணம் முறிந்தது. 1890-ல் ஹாரிசன் கிரே ஃபிஸ்க் என்பவரை மணந்தார். இந்த ஹாரிசன் சாதாரண ஆள் அல்லர். பதின்பருவம் முடியுமுன்பே 'நியூயார்க் டிராமாடிக் மிரர்' என்ற நாடகப் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து, அமெரிக்க நாடக உலகம் அஞ்சிப் படிக்கும் ஏடாக அதை ஆக்கியவர். திருமணத்தோடு மின்னி மேடையை விட்டு விலகினார். சில ஆண்டுகள் வீட்டிலிருந்தபடி குறு நாடகங்கள் எழுதினார், நிறையப் படித்தார். இப்சனைக் கண்டடைந்தது இந்த இடைவெளியில்தான்.

1893-ல் மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே ஒரு மருத்துவமனை நிதிக்காக நடந்த காட்சியில் 'பொம்மை வீடு' நாடகத்தின் நோராவானார். அமெரிக்காவில் இப்சன் அதற்கு முன்பும் நடிக்கப்பட்டதுண்டு. போலந்திலிருந்து வந்த ஹெலனா மோஜெஸ்கா 1883-ல் லூயிவில் நகரில் இதே நாடகத்தை நடத்தியிருந்தார். ஆனால் அதில் நாடகத்தின் பெயர் 'தோரா' என்று மாறியிருந்தது, கதாநாயகி வீட்டை விட்டுப் போகவுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனைவி வெளியேறுவதை அமெரிக்கப் பார்வையாளர் தாங்கமாட்டார் என்று அன்று எண்ணியிருக்கக்கூடும். திருமதி ஃபிஸ்க்கின் நோரா வெளியேறினாள். அந்தப் பிற்பகலுக்குப் பின் அவர் பழைய துடுக்குப் பெண்ணாகத் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1897 மார்ச்சில் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலை லோரிமர் ஸ்டொடார்ட் நாடகமாக்க, ஃபிஃப்த் அவென்யூ அரங்கில் அவர் டெஸ்ஸாக நடித்தார். பெரும் வெற்றி. இனி அவர் அமெரிக்காவின் முதல் வரிசை நடிகையரில் ஒருவர். வேறொரு நாடகக்காரர் என்றால் இந்த இடத்தில் கதை சுபமாகத் திரும்பியிருக்கும். இவர்களுக்கோ வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1896-ல், ஆறு பேர் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சார்லஸ் ஃப்ரோமன், அல் ஹேமன், மார்க் கிளா, ஆபிரகாம் எர்லாங்கர், சாமுவேல் நிக்ஸன், ஃபிரெட் சிம்மர்மன். நாடக உலகம் இவர்களைச் 'சிண்டிகேட்' என்று அழைத்தது. இவர்கள் செய்ததன் நுட்பத்தைப் புரிந்துகொள்ள அந்நாளைய நாடகப் பிழைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராட்வேயில் ஒரு நாடகம் எத்தனை நாள் ஓடினாலும் உண்மையான வசூல் வெளியூர்ப் பயணத்தில்தான் இருந்தது. இரயில் பாதையை ஒட்டி ஊர் ஊராகப் போவார்கள். சிகாகோ போன்ற பெரிய நகரங்களில் சில வாரம், இடையில் உள்ள சிற்றூர்களில் ஓரிரவு. இந்த ஓரிரவு ஊர்கள் இல்லையென்றால் ஒரு பெருநகரிலிருந்து அடுத்த பெருநகருக்குக் கம்பெனியைக் கொண்டு செல்லும் இரயில் செலவே முதலை விழுங்கிவிடும். முன்பு அந்த ஊர்களின் அரங்க உரிமையாளர்கள் கோடைக் காலத்தில் நியூயார்க் வந்து தெருமுனைகளில் நின்று பேரம் பேசித் தேதி கொடுப்பார்கள். ஒரே தேதிக்கு இரண்டு கம்பெனிகளை ஒப்புக்கொண்டு ஏமாற்றுவதும் உண்டு. கம்பெனிகள் வராமல் கைவிரிப்பதும் உண்டு. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்றுதான் சிண்டிகேட் வந்தது. ஓரளவு ஒழுங்குபடுத்தவும் செய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒழுங்குக்கு விலை இருந்தது. அரங்க உரிமையாளர் தம் தேதிகள் அனைத்தையும் சிண்டிகேட் வழியாகவே கொடுக்க வேண்டும், இல்லையேல் அவர்களிடமிருந்து ஒரு நாடகமும் வராது. நாடகக் கம்பெனியும் அவர்கள் வழியாகவே தேதி வாங்க வேண்டும், இல்லையேல் அவர்களுடைய அரங்கு ஒன்றும் கிடைக்காது. இதில் தந்திரம் என்னவென்றால், நாட்டிலுள்ள அரங்குகள் எல்லாவற்றையும் வளைத்துப் போட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. பெருநகரங்களை இணைக்கும் பாதையில் உள்ள ஊர்கள் கையிலிருந்தால் போதும். மதகு யார் கையிலோ வயல் அவர் கையில்.

ஹாரிசன் ஃபிஸ்க் தம் பத்திரிகையில் வாராவாரம் இவர்களைத் தோலுரித்தார். அவதூறு வழக்குகள் வந்தன. தொடக்கத்தில் பெரிய நடிகர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்டு நாடகம் முடிந்ததும் திரைக்கு முன்னால் வந்து நின்று சிண்டிகேட்டைச் சாடிப் பேசினார். நகைச்சுவை நடிகர் ஃபிரான்சிஸ் வில்சன் அதைவிடத் தீவிரமாகப் பேசினார். 1898 வாக்கில் மான்ஸ்ஃபீல்டும் போனார், வில்சனும் நல்ல விலைக்கு இணங்கிப் போனார். நாட் குட்வின் அவர்களுக்கு முன்பே போயிருந்தார். அவர்களைக் கோழைகள் என்று எழுதுவது எளிது. ஒரு கம்பெனியில் நாற்பது ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர், அடுத்த வாரம் எந்த ஊரில் ஆடுவோம் என்று தெரியாமல் எத்தனை நாள் வீரம் பேச முடியும்? வில்சனின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அவர் திரும்ப வருவார்.

ஃபிஸ்க் தம்பதியர் போகவில்லை. 1899-ல் தாக்கரேயின் நாவலை ஒட்டிய 'பெக்கி ஷார்ப்' நாடகத்தில் திருமதி ஃபிஸ்க் நடித்துப் பெரும் பெயர் பெற்றார். ஆனால் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்டு வெளியூர் புறப்பட்டால் நல்ல அரங்குகள் பூட்டிக் கிடந்தன. எனவே அவர் கிடைத்த இடங்களில் ஆடினார். சறுக்கு விளையாட்டுக் கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் இரண்டாந்தரக் கொட்டகைகளிலும் பெக்கியும் டெஸ்ஸும் வந்து போனார்கள். சிண்டிகேட்டோடு உடன்படாமல் 1906-ல் டெக்சஸ் வந்த சாரா பெர்னார் கூடாரத்தில் நடித்த கதை உலகறிந்தது. அது ஒரு பருவத்து வேடிக்கை. பத்திரிகைகளுக்கும் நல்ல தீனி. திருமதி ஃபிஸ்க்குக்கோ பத்தாண்டுக்கு மேல் அதுவே வாழ்க்கை. தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன அசைவுகளில் நடிக்கும் ஒருவர், ஒலி சிதறும் சறுக்குக் கூடத்தில் என்ன பாடுபட்டிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். அவர் சொற்களை அள்ளிக் கொட்டி வேகமாகப் பேசுகிறார், பாதி காதில் விழுவதில்லை என்ற குறை வாழ்நாள் முழுதும் அவர்மேல் இருந்தது. அதைக் கேலி செய்து நாளிதழ்களில் வேடிக்கைப் பாட்டுகூட வெளிவந்தது. குறை கூறியவர்கள் எல்லாரும் சிண்டிகேட்டின் ஆட்கள் அல்லர்.

நியூயார்க்கில் கால் ஊன்ற இடம் வேண்டும் என்பதற்காக 1901-ல் மன்ஹாட்டன் அரங்கைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ப்ராட்வேயும் முப்பத்துமூன்றாம் தெருவும் கூடும் இடத்தருகே இருந்த பழைய கட்டடம். அடுத்த ஐந்தாண்டுகள்தாம் அவர் வாழ்வின் வளமான பகுதி என்பது நம் எண்ணம். அன்றைய வழக்கப்படி நாடகம் என்றால் நட்சத்திரம். மற்றவர்கள் அவர் பேசி முடிக்கும் வரை மேடையின் ஓரத்தில் நிற்கும் தூண்கள். திருமதி ஃபிஸ்க் இதைத் தலைகீழாக்கினார். சிறு வேடத்துக்கும் தேர்ந்த நடிகரைத் தேடினார். மற்றவர் பேசும்போது தாம் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்றார். பிரித்தானிய நடிகர் ஜார்ஜ் ஆர்லிஸ், திருமதி பேட்ரிக் காம்பெல்லின் குழுவோடு அமெரிக்கா வந்தவர், பின்னர் திருமதி ஃபிஸ்க்கின் கம்பெனியில்தான் பழகித் தேர்ந்தார். 1904-ல் 'ஹெட்டா கேப்ளர்' நாடகத்தில் நீதிபதி பிராக்காக அவர் நடித்தார், ஹெட்டா திருமதி ஃபிஸ்க். பிற்காலத்தில் 'டிஸ்ரேலி' திரைப்படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர் இதே ஆர்லிஸ்தான். 1904 இறுதியில் வந்த 'லியா கிளெஷ்னா' திருட்டுத் தொழிலில் வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. கதையில் சரக்கு கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்காக நடித்த அந்தக் கூட்டு நடிப்பை நியூயார்க் வியந்து பார்த்தது. மாஸ்கோ கலை அரங்கம் நியூயார்க்கில் வந்து ஆட இன்னும் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

பழைய தலைமுறை விமர்சகர்களுக்கு இப்சன் ஆகவில்லை. 'டிரிபியூன்' ஏட்டின் வில்லியம் வின்டர் அவர்களில் முதல்வர். இப்சனை நோய் என்றே கருதியவர். ஆயினும் இதே வின்டர்தான் 1902-ல் திருமதி ஃபிஸ்க்குக்காக 'மேரி ஆஃப் மக்டலா' என்ற ஜெர்மன் நாடகத்தை ஆங்கிலக் கவிதையில் ஆக்கிக் கொடுத்தார். திருமதி ஃபிஸ்க் இரண்டு பக்கத்தாரையும் வேலை வாங்கத் தெரிந்தவர். 1907-ல் 'ரோஸ்மர்ஸ்ஹோம்', 1910-ல் 'சமூகத்தின் தூண்கள்' என்று இப்சனை விடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கைக்காசு இழப்பதற்கென்றே அவர் இப்சனை ஆடியதாக நினைக்க வேண்டாம். 'ரோஸ்மர்ஸ்ஹோம்' நாடகத்துக்குச் சிற்றூர்களிலும் கூட்டம் வந்தது.

சிண்டிகேட்டை யார் வீழ்த்தினார்கள் என்று கேட்டால், ஃபிஸ்க் தம்பதியர் என்று சொல்ல நமக்கு ஆசைதான். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சிரக்யூஸ் ஊரிலிருந்து வந்த ஷூபர்ட் சகோதரர்கள் மூவர் தங்களுக்கென்று அரங்குகள் வாங்கிக் குவித்து, பணத்தைப் பணத்தால் எதிர்த்தார்கள். முதலில் 'திறந்த கதவு' என்று முழங்கினார்கள். பிறகு அவர்களே இன்னொரு சிண்டிகேட் ஆனார்கள். ஃபிஸ்க் தம்பதியரும் டேவிட் பெலாஸ்கோவும் 1905-ல் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். போட்டி முற்றியதால் 1909-ல் சிண்டிகேட் இறங்கிவந்து, இவர்களுக்குத் தன் அரங்குகளைத் திறந்துவிட்டது. இரண்டாண்டு கழித்து ஓட்டிஸ் ஸ்கின்னர் நடித்த 'கிஸ்மெட்' நாடகத்தை ஹாரிசன் ஃபிஸ்க் தயாரித்தபோது கூட்டாளிகளாக இருந்தவர்கள் கிளாவும் எர்லாங்கரும். படிக்கும்போது நமக்குக் கசக்கிறது. ஆனால் ஹாரிசனின் கடன்கள் அவ்வளவு. அதே 1911-ல் 'மிரர்' பத்திரிகையும் அவர் கையை விட்டுப் போனது, 1914-ல் திவாலானார். தம்பதியர் மணமுறிவு செய்துகொள்ளவில்லை, ஆனால் வாழ்க்கை தனித்தனியாகவே போனது. அவருடைய கடனுக்கும் சேர்த்துத் திருமதி ஃபிஸ்க் ஆடினார். முதுமையிலும் அவர் ஓயாமல் வெளியூர் போய்க்கொண்டிருந்ததற்குக் கலை ஆர்வம் மட்டும் காரணமல்ல.

இனிச் சொல்ல வேண்டியதை அவருடைய அன்பர்கள் பலர் இரண்டு வரியில் கடந்துபோவார்கள். நாம் அப்படிச் செய்ய இயலாது. 1919 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க்கில் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1913-ல் தோன்றிய 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' சங்கம் நடத்திய போராட்டம் அது. அவர்கள் கேட்டவை பெரியவை அல்ல. அன்று ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகம் நான்கே நாளில் விழுந்துவிட்டால் நான்கு நாள் கூலிதான். பெண்கள் தங்கள் உடைகளைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் கம்பெனி கவிழ்ந்தால் ஊர் திரும்ப இரயில் காசு இல்லாமல் நிற்க வேண்டும். எதெல் பேரிமோரும் மேரி டிரெஸ்லரும் வேலைநிறுத்தக்காரர்களோடு தெருவில் நின்றார்கள். சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் சிண்டிகேட்டிடம் இணங்கிப் போன அதே ஃபிரான்சிஸ் வில்சன்.

கடைசிவரை இணங்காத திருமதி ஃபிஸ்க் எதிர்ப்பக்கம் நின்றார். முதலாளிகளின் ஆதரவோடு, ஜார்ஜ் எம். கோஹன் போன்றோர் முன்னின்று அமைத்த 'ஆக்டர்ஸ் ஃபிடெலிட்டி லீக்' அணியில் அவர் சேர்ந்தார். நடிப்பு கலை, கலைஞர் தொழிலாளி அல்லர், தொழிற்சங்கத்தின் கட்டுப்பாடு கலைக்கு ஒவ்வாது என்பது அந்த அணியின் வாதம். வேலைநிறுத்தம் ஒரு மாதத்தில் வென்றது. அவர் பின்னும் மாறவில்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? முதுமையில் வந்த பிற்போக்கு என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 1898-ல் சிண்டிகேட்டை அவர் எதிர்த்ததும் 1919-ல் சங்கத்தை எதிர்த்ததும் ஒரே மனத்தின் வேலை. எங்கே ஆடுவது, என்ன ஆடுவது, யாரோடு ஆடுவது என்பதை இன்னொருவர் முடிவு செய்யக் கூடாது. அந்த இன்னொருவர் எர்லாங்கராக இருந்தாலும் சரி, சக நடிகர்களின் சங்கமாக இருந்தாலும் சரி. அவர் சறுக்குக் கூடத்தில் ஆடியது தம் சுதந்திரத்துக்காக. அந்தச் சுதந்திரத்தைத் தாங்கப் பெயரும் புகழும் அவரிடம் இருந்தன. கூட்ட நடனத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற பெண்ணிடம் அவை இல்லை. அவளுக்கு இருந்த ஒரே வலிமை பக்கத்தில் நின்ற இன்னொரு பெண். மூன்று வயதிலிருந்து ஒப்பனை மேசையருகே வளர்ந்தவர் இதை அறியாதிருக்க முடியாது. அறிந்தும் அந்தப் பக்கம் நின்றார் என்பதே நம்மை உறுத்துகிறது. 1917-ல் அலெக்ஸாண்டர் உல்காட் அவரோடு உரையாடி ஒரு நூல் வெளியிட்டார். நடிப்பு உணர்ச்சி வெள்ளம் அன்று, அது ஓர் அறிவியல் என்று அதில் அழுத்தமாக வாதிடுகிறார் திருமதி ஃபிஸ்க். அந்தத் தெளிவும் கண்டிப்பும் நம்மை வியக்க வைக்கின்றன. கூடவே, தம் அளவுக்கு உறுதியில்லாதவர்களிடம் அவருக்குப் பொறுமை குறைவோ என்ற ஐயமும் எழுகிறது.

வாயில்லா உயிர்களிடம் அந்தப் பொறுமை ஏராளமாக இருந்தது. தொப்பிகளில் சூட கொக்கின் இறகைப் பறிப்பதற்கு எதிராகவும், மேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் தீனியின்றிச் சாகவிடப்படும் மாடுகளுக்காகவும், மென்மயிர் ஆடைக்காகப் பொறி வைத்துப் பிடிப்பதற்கு எதிராகவும் அவர் வாழ்நாள் முழுதும் எழுதினார், பேசினார், பணம் செலவிட்டார்.

பிந்திய ஆண்டுகளில் பெரும்பாலும் நகைச்சுவை வேடங்கள். ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் திருமதி மாலப்ராப்பாக நாடு சுற்றினார். 1927-ல், தம் அறுபத்தோராம் வயதில், இப்சனின் 'ஆவிகள்' நாடகத்தில் திருமதி ஆல்விங் வேடம் ஏற்றார். 1932 பிப்ரவரி 15 அன்று நியூயார்க்கின் ஹாலிஸில் மறைந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை மேடையில் இருந்தார்.

மேடையில் அவர் நடித்ததைப் பார்க்க இன்று வழியில்லை. 1913-ல் ஃபேமஸ் பிளேயர்ஸ் நிறுவனம் 'டெஸ்' நாடகத்தை மௌனப் படமாக எடுத்தது. அந்த நிறுவனத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் சிண்டிகேட் சார்லஸின் அண்ணன் டேனியல் ஃப்ரோமன். அந்தப் படம் அழிந்துபோயிற்று. மன்ஹாட்டன் அரங்கை 1909-ல் இடித்துவிட்டு, அந்த இடத்தில் கிம்பல்ஸ் என்ற பெரிய துணிக்கடையைக் கட்டினார்கள். எதிர்ச் சாரியில் மேசிஸ் கடையும் இதுவும் பல பத்தாண்டுகள் போட்டி போட்டு வியாபாரம் செய்தன. கிம்பல்ஸும் 1980களில் மூடப்பட்டது. ஹெட்டா கேப்ளர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போன இடம் அங்கே எந்தத் தளத்தில், எந்தப் படிக்கட்டருகே இருந்திருக்கும் என்று இனிக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது.